விங்க்ஸ்: ஓட்ட வரலாறும் வம்சாவளியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விங்க்ஸ் எந்த நாட்டுக் குதிரை? அதன் பெயர் ஏன் இன்னும் இவ்வளவு பேசப்படுகிறது?

விங்க்ஸ் ஆஸ்திரேலியாவில் பிறந்து, வளர்ந்து, தன் ஓட்ட வாழ்க்கை முழுவதையும் அந்நாட்டிலேயே கழித்த, தரோபிரெட் என்னும் பந்தயக் குதிரை இனத்தைச் சேர்ந்த பெண் குதிரை. 2014ஆம் ஆண்டு ஜூன் முதல் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் வரை 43 பந்தயங்களில் ஓடி 37இல் வென்றது. அவற்றுள் கடைசி 33 வெற்றிகள் இடையில் ஒரு தோல்விகூட இல்லாமல் தொடர்ச்சியாக வந்தவை. மிக உயர்ந்த தரமான குரூப் 1 பந்தயங்களில் 25 வெற்றிகள், அவற்றுள் மெல்போர்னின் காக்ஸ் பிளேட் பந்தயத்தில் மட்டும் நான்கு வெற்றிகள், 2 கோடியே 64 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேற்பட்ட பரிசுத்தொகை என்று அதன் கணக்கு நீள்கிறது. எண்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது ஓர் இயந்திரம்போலத் தோன்றக்கூடும். பந்தயங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தவர்களுக்கோ வேறொன்று நினைவில் நிற்கும்: பாதி ஓட்டம் முடியும்வரை பின்வரிசையில் அமைதியாக ஓடிவந்து, கடைசி வளைவில் வெளிப்பக்கமாக விலகி, முன்னே ஓடும் குதிரைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோகும் அந்தக் காட்சி. தோற்றுவிடும் என்று தோன்றிய இடங்களிலிருந்து மீண்டு வந்து வென்றதுதான் இக்குதிரையின் உண்மையான பெருமை என்பது என் கருத்து.

விங்க்ஸ் எங்கே பிறந்தது? யாருக்குச் சொந்தமானது?

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஹன்டர் பள்ளத்தாக்கில், 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் பிறந்தது. இதை வளர்த்தெடுத்தது ஜான் கமில்லேரியின் ஃபேர்வே தரோபிரெட்ஸ். 2013ஆம் ஆண்டு ஜனவரியில் கோல்ட் கோஸ்ட்டில் நடந்த மேஜிக் மில்லியன்ஸ் ஏலத்தில், ஒரு வயதுக் குட்டியாக, 2,30,000 ஆஸ்திரேலிய டாலருக்கு விற்கப்பட்டது. குதிரைகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில் பயிற்சியாளர் கிரிஸ் வாலரின் வலக்கரமாக இருக்கும் கை மல்காஸ்டரின் கண்ணில் பட்ட குட்டி இது. பீட்டர் டைய், பேட்டி டைய் தம்பதியரின் மேஜிக் பிளட்ஸ்டாக், ரிச்சர்டு டிரெவீக், டெபி கெபிடிஸ் ஆகியோர் கூட்டாக உரிமையாளர்கள் ஆனார்கள். இவர்களுள் டெபி கெபிடிஸ், ஆக்டகனல், லோன்ரோ போன்ற புகழ்பெற்ற குதிரைகளை வைத்திருந்த இங்கம் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஊதா நிற ஆடைகளில் பந்தய மைதானத்துக்கு வரும் அவரது உருவம் விங்க்ஸ் காலத்தின் அடையாளங்களில் ஒன்றாகிப்போனது.

அந்த ஏலத்தொகை பெரியதா சிறியதா என்று சிலர் கேட்பதுண்டு. நல்ல விலைதான், ஆயினும் அதே ஏலத்தில் அதைவிடப் பன்மடங்கு விலைக்குப் போன குட்டிகள் இருந்தன. விலையை வைத்து அதன் வருங்காலத்தை எவராலும் கணித்திருக்க முடியாது.

தந்தை ஸ்ட்ரீட் க்ரை எப்படிப்பட்ட குதிரை?

வம்சாவளியில் ஆர்வமுள்ளவர்கள் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. ஸ்ட்ரீட் க்ரை 1998ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தது. கோடால்ஃபின் நிறுவனத்துக்காக, சயீத் பின் சுரூரின் பயிற்சியில் ஓடியது. 2002ஆம் ஆண்டு துபாய் உலகக் கோப்பையையும், அதே ஆண்டு அமெரிக்காவில் ஸ்டீபன் ஃபாஸ்டர் ஹேண்டிகேப் பந்தயத்தையும் வென்றது. இரண்டுமே மண் தடத்தில் நடந்தவை. மண் தடத்தில் வென்ற தந்தைக்குப் பிறந்த மகள் புல் தடத்தில் உலகை வென்றாள் என்பதை முதலில் கேட்பவர்கள் வியப்பார்கள். ஆனால் ஸ்ட்ரீட் க்ரையின் தாயை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. தாய் ஹெலன் ஸ்ட்ரீட் 1985ஆம் ஆண்டு ஐரிஷ் ஓக்ஸ் பந்தயத்தை வென்ற, நீண்ட தூரப் புல் தடக் குதிரை. எப்சம் டெர்பி வென்ற ட்ராயின் மகள். ஸ்ட்ரீட் க்ரையின் உடன்பிறந்த ஹெல்சிங்கி என்னும் பெண் குதிரைதான் பின்னாளில் ஐரோப்பாவின் சிறந்த பொலிகுதிரைகளுள் ஒன்றான ஷமர்தாலை ஈன்றது. ஆக, அந்தத் தாயின் வழியாகவே புல்லின் இரத்தம் இக்கிளைக்குள் ஆழமாக ஓடிக்கொண்டிருந்தது.

தந்தைவழிப் பாட்டன் மகியவெல்லியன், அமெரிக்காவின் பெரும் பொலிகுதிரையான மிஸ்டர் ப்ராஸ்பெக்டரின் மகன். மகியவெல்லியனின் தாய் கூ ட ஃபோலியின் வம்சப் பட்டியலில் ஓர் அழகான முடிச்சு இருக்கிறது. கூ ட ஃபோலியின் தந்தை ஹேலோவின் தாய் காஸ்மா. காஸ்மாவின் தாய் அல்மஹ்மூத். கூ ட ஃபோலியின் தாய்வழிப் பாட்டி நடால்மா. நடால்மாவின் தாயும் அதே அல்மஹ்மூத். ஒரே மூதாட்டி இருபுறமும் மூன்றாம் தலைமுறையில் நிற்கிறாள். இந்த நடால்மாதான் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் உலகக் குதிரை வளர்ப்பையே மாற்றியமைத்த நார்தர்ன் டான்சரின் தாய். சிறந்த பெண் குதிரை ஒன்றின் பெயர் இருபுறமும் திரும்ப வருமாறு இணை சேர்ப்பது வளர்ப்பாளர்கள் மிகவும் விரும்பும் முறை. அம்முறை பலித்ததற்கு மகியவெல்லியன் கிளை ஒரு தெளிவான சான்று.

ஸ்ட்ரீட் க்ரை ஆண்டின் ஒரு பாதியை அமெரிக்காவின் கென்டக்கியிலும் மறு பாதியை ஆஸ்திரேலியாவிலும் கழித்த பொலிகுதிரை. வட, தென் அரைக்கோளங்களில் இனப்பெருக்கப் பருவங்கள் ஆறு மாத இடைவெளியில் வருவதால் இது இயலுகிறது. 2007ஆம் ஆண்டு கென்டக்கி டெர்பி வென்ற ஸ்ட்ரீட் சென்ஸ், 2009ஆம் ஆண்டு மெல்போர்ன் கோப்பை வென்ற ஷாக்கிங், தொடர்ந்து 19 பந்தயங்களை வென்ற அமெரிக்கப் பெண் குதிரை ஸெனியாட்டா ஆகியவை இதன் பிள்ளைகள். இரு கண்டங்களில், இரு வேறு தடங்களில், தம் காலத்தின் ஈடிணையற்ற பெண் குதிரைகளாக விளங்கிய ஸெனியாட்டாவும் விங்க்ஸும் ஒரே தந்தைக்குப் பிறந்தவை. இரண்டுமே பின்னாலிருந்து வந்து முந்தும் பழக்கம் கொண்டவை. ஸ்ட்ரீட் க்ரை 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் இறந்தது. விங்க்ஸ் அப்போதுதான் தன் ஓட்டத்தைத் தொடங்கியிருந்தது. மகளின் ஒரு குரூப் 1 வெற்றியைக்கூட அது உயிரோடிருந்த நாளில் காலம் காட்டவில்லை.

தாய்வழி வம்சாவளியும் இதே அளவு புகழ்பெற்றதா?

இல்லை. தாய் வேகஸ் ஷோகேர்ள் நியூசிலாந்தில் பிறந்தது. அல் அக்பர் என்னும் பொலிகுதிரைக்கும் வேகஸ் மேஜிக் என்னும் பெண் குதிரைக்கும் பிறந்த மகள். அல் அக்பரின் தந்தை சக்சஸ் எக்ஸ்பிரஸ் 1987ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிரீடர்ஸ் கப் ஜுவனைல் பந்தயத்தை வென்ற குதிரை. வேகஸ் ஷோகேர்ள் பல பந்தயங்களை வென்ற உழைப்பாளிக் குதிரைதான் என்றாலும், அதன் குடும்பத்தில் உலகப் புகழ்பெற்ற பெயர்கள் அடுத்தடுத்து வரவில்லை. விற்பனைப் பட்டியலில் தாய்வழி வரிகளைப் படித்துப் பார்த்து விலை சொல்பவர்கள் கடந்துபோகக்கூடிய பக்கம் அது.

விங்க்ஸின் வம்சாவளியில் எனக்குப் பிடித்ததே இந்த ஏற்றத்தாழ்வுதான். ஒருபுறம் தலைமுறை தலைமுறையாக அரச குடும்பம். மறுபுறம் திடமான கால்களும் தளராத மனமும் உடைய, பேர் பெறாத நியூசிலாந்துக் குடும்பம். ஆஸ்திரேலியப் பந்தயக் குதிரை வளர்ப்பு நெடுங்காலமாக நியூசிலாந்தின் உறுதியான தாய்க்குதிரைகளை நம்பியே வந்திருக்கிறது. நியூசிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் புகழ்பெற்ற ஃபார் லாப் காலத்திலிருந்தே அந்த உறவு உண்டு.

விங்க்ஸ் தொடக்கத்திலிருந்தே தோல்வியறியாததா?

அப்படி நினைப்பவர்கள் பலர். உண்மையில், முதல் பத்துப் பந்தயங்களில் ஆறில் அது தோற்றது. 2014ஆம் ஆண்டு ஜூனில் வார்விக் ஃபார்மில் வெற்றியோடு தொடங்கி, முதல் மூன்று பந்தயங்களையும் வென்றது. மூன்றாவது வெற்றி ஃப்யூரியஸ் ஸ்டேக்ஸ் என்னும் குரூப் 2 பந்தயம். அதன்பின் டீ ரோஸ் ஸ்டேக்ஸ், ஃப்ளைட் ஸ்டேக்ஸ் இரண்டிலும் ஃபர்ஸ்ட் சீல் என்னும் சக வயதுப் பெண் குதிரையிடம் தோற்று இரண்டாமிடம் பெற்றது. அந்தக் கோடையில் எவரிடமேனும் அவ்வயதுக் குதிரைகளுள் சிறந்தது எதுவென்று கேட்டிருந்தால், ஃபர்ஸ்ட் சீல் என்றே பதில் வந்திருக்கும்.

2015ஆம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில் ஃபார் லாப் ஸ்டேக்ஸை மட்டும் வென்று, மற்றவற்றில் பின்தங்கியது. ஏப்ரல் 11ஆம் நாள் ராண்ட்விக்கில் 2,400 மீட்டர் ஆஸ்திரேலியன் ஓக்ஸ் பந்தயத்தில் கஸ்ட் ஆஃப் விண்ட் என்னும் குதிரைக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தது. அதுதான் கடைசித் தோல்வி. அன்றைக்கு அதை யாரும் அறிந்திருக்க வழியில்லை.

33 தொடர் வெற்றிகளும் எந்தப் பந்தயத்தில் தொடங்கின?

2015ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் கலவுண்ட்ராவில் நடந்த சன்ஷைன் கோஸ்ட் கினீஸ். சிட்னி, மெல்போர்ன் மைதானங்களின் ஆடம்பரம் எதுவும் இல்லாத, கடலோர ஊர் ஒன்றின் பந்தயம் அது. லாரி காசிடி என்னும் ஜாக்கி அன்று விங்க்ஸ்மீது அமர்ந்திருந்தார். தூரம் 1,600 மீட்டர். கடைசி வளைவைத் தாண்டி நேர்த்தடத்துக்குள் குதிரைகள் நுழைந்தபோது, விங்க்ஸ் கூட்டத்தின் கடைக்கோடியில், தடத்தின் நடுப்பகுதிக்கும் அப்பால் வெளிப்பக்கமாக இருந்தது. முன்னணிக் குதிரைகளுக்கும் அதற்கும் இடைப்பட்ட தூரத்தைப் பார்ப்பவர்கள், முதல் மூன்றுள் ஓர் இடம் கிடைத்தாலே பெரிது என்றுதான் எண்ணியிருப்பார்கள். பிறகு அது தலையைத் தாழ்த்தி ஓடத் தொடங்கியது. மற்ற குதிரைகள் ஓடிக்கொண்டிருக்க, இது மட்டும் வேறொரு பந்தயத்தில் ஓடுவதைப்போல அத்தனையையும் கடந்து வென்றது. அந்த ஓட்டத்தின் பதிவைப் பார்க்காதவர்கள் தேடிப் பார்க்க வேண்டும். பின்னால் வந்த பெரும் வெற்றிகள் எல்லாவற்றின் விதையும் அந்தக் கடைசி முந்நூறு மீட்டரில் தெரியும்.

இரண்டே வாரத்தில் குயின்ஸ்லாந்து ஓக்ஸை வென்று முதல் குரூப் 1 வெற்றியைப் பெற்றது. அதிலிருந்து ஹியூ போமன் நிரந்தர ஜாக்கி ஆனார். 25 குரூப் 1 வெற்றிகளிலும் அவரே அதன்மீது இருந்தார்.

குரூப் 1 என்றால் என்ன?

பந்தயங்களின் தரத்தைக் குறிக்கும் உலகளாவிய வகைப்பாட்டில் மிக உயர்ந்த படி. ஒரே ஒரு குரூப் 1 வெற்றி போதும், ஒரு பெண் குதிரையின் மதிப்பும் அதன் குட்டிகளின் விலையும் பலமடங்கு உயரும். விங்க்ஸுக்கு முன் உலக அளவில் இத்தகைய உயர்தர வெற்றிகளை மிக அதிகமாகப் பெற்றிருந்தது, தடைதாண்டும் பந்தயங்களில் 22 உயர்தர வெற்றிகள் பெற்ற அயர்லாந்துக் குதிரையான ஹரிக்கேன் ஃப்ளை. 2019ஆம் ஆண்டு சிப்பிங் நார்ட்டன் ஸ்டேக்ஸை வென்று விங்க்ஸ் அதைத் தாண்டியது.

காக்ஸ் பிளேட்டை நான்கு முறை வென்றது ஏன் இவ்வளவு பெரிய செய்தி?

1922ஆம் ஆண்டு தொடங்கிய காக்ஸ் பிளேட், மெல்போர்னின் மூனி வேலி மைதானத்தில் 2,040 மீட்டர் தூரத்துக்கு ஓடப்படுவது. மெல்போர்ன் கோப்பை ஹேண்டிகேப் பந்தயம். அதில் சிறந்த குதிரைக்கு அதிக எடை ஏற்றி மற்றவற்றோடு சமப்படுத்துவார்கள். காக்ஸ் பிளேட்டிலோ வயதையும் பாலினத்தையும் மட்டும் பார்த்து எடை வைக்கப்படுகிறது; ஆகவே உண்மையிலேயே சிறந்த குதிரை எது என்னும் கேள்விக்கு அதுவே நேரான விடை தரும். இன்னொன்று: விங்க்ஸ் ஓடிய காலத்து மூனி வேலியில் நேர்த்தடம் 173 மீட்டர் மட்டுமே. வளைவுகள் நெருக்கமானவை. பின்னாலிருந்து வரும் குதிரைக்கு இதைவிடப் பாதகமான தடம் அரிது. கடைசித் திருப்பத்துக்கு வெகு முன்பே நகரத் தொடங்கினால்தான் வெல்ல முடியும். அதற்கு நீண்ட நேரம் உச்ச வேகத்தைத் தாங்கும் திறன் வேண்டும்.

அதற்கு முன் மூன்று முறை வென்றிருந்தது கிங்ஸ்டன் டவுன் மட்டுமே, 1980 முதல் 1982 வரை. அந்த மூன்றாவது வெற்றியில், பாதியிலேயே 'கிங்ஸ்டன் டவுனால் வெல்ல முடியாது' என்று வர்ணனையாளர் பில் காலின்ஸ் சொல்லிவிட, அது வென்று காட்டியது ஆஸ்திரேலியர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஃபார் லாப், சன்லைன், நார்தர்லி போன்ற மாபெரும் குதிரைகள் இரண்டோடு நின்றன.

விங்க்ஸின் நான்கு வெற்றிகளும் ஒன்றுபோல ஒன்று இல்லை. 2015இல் போமன் உட்புற வேலியோரமாகக் கிடைத்த இடைவெளியில் அதைச் செலுத்தி, திருப்பத்தில் முன்னேறி, நாலேமுக்கால் நீளத்தில் வென்றார் (நீளம் என்பது ஒரு குதிரையின் உடல் நீளம்). அன்று மூன்றாவதாக வந்த ஹைலேண்ட் ரீல் அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் கிங் ஜார்ஜ் பந்தயத்தையும் அமெரிக்காவின் பிரீடர்ஸ் கப் டர்ஃப் பந்தயத்தையும் வென்றது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வெற்றியின் எடை விளங்கும். நேரம் 2 நிமிடம் 2.98 நொடி, தடத்தின் சாதனை.

2016இல் ஹார்ட்னெல் என்னும் குதிரைக்கும் விங்க்ஸுக்கும் இடையே இருமுனைப் போட்டியாகவே அது பேசப்பட்டது. திருப்பத்தில் இரண்டும் நெருங்கின. பிறகு ஒன்று மட்டும் போய்விட்டது. எட்டு நீளம், அதாவது ஏறத்தாழ இருபது மீட்டர் இடைவெளி. அந்த அளவு தரமுள்ள ஒரு பந்தயத்தில் அப்படிப்பட்ட தூரம் கண்ணால் கண்டவர்களுக்கே நம்ப முடியாததாக இருந்தது. 2017இல் நிலைமை வேறு: ஹ்யூமிடார் கடைசி நூறு மீட்டரில் விடாமல் துரத்தி வந்து, இடைவெளியை அரை நீளமாகக் குறைத்தது. ஆனால் அதே ஓட்டத்தில்தான் விங்க்ஸ் 2 நிமிடம் 2.94 நொடியில் தன் பழைய சாதனையைத் தானே முறியடித்தது. 2018இல், துபாயிலும் மெல்போர்னிலும் குரூப் 1 வென்று வந்திருந்த பென்பாட்டிலை இரண்டு நீள இடைவெளியில் வென்று, கிங்ஸ்டன் டவுனைத் தாண்டியது.

தோல்வியின் விளிம்புவரை போன பந்தயங்கள் உண்டா?

உண்டு, இரண்டை அவசியம் சொல்ல வேண்டும். இரண்டும் 2017ஆம் ஆண்டின் வசந்தப் பருவத்தில் அடுத்தடுத்து வந்தவை.

முதலாவது ஆகஸ்டில் ராண்ட்விக்கில் நடந்த வார்விக் ஸ்டேக்ஸ். தூரம் 1,400 மீட்டர்தான். ஓய்விலிருந்து திரும்பி வரும் குதிரைக்கு அது பழகிக்கொள்வதற்கான பந்தயம். தொடக்கக் கதவுகள் திறந்தபோது விங்க்ஸ் உடனே பாயவில்லை. மற்றவை பல நீளங்கள் முன்னே போய்விட்டன. இவ்வளவு குறுகிய தூரத்தில் அத்தகைய இழப்பை ஈடுகட்டுவது வழக்கமாக நடவாத காரியம். அது ஈடுகட்டியது, கோட்டுக்கருகில், தன் தொழுவத்தையே சேர்ந்த ஃபாக்ஸ்ப்ளேயை நூலிழையில் முந்தியது. அடுத்தது செம்ஸ்ஃபோர்டு ஸ்டேக்ஸ். ரெட் எக்சைட்மென்ட் என்னும் குதிரை தொடக்கத்திலேயே பெரும் இடைவெளியை உண்டாக்கிக்கொண்டு ஓடியது. நேர்த்தடத்தில் திரும்பியபோதும் அது எட்டாத் தூரத்தில் இருந்தது. போமன் பதறவில்லை. இருநூறு மீட்டருக்குள் இடைவெளி கரைந்து, கோட்டைத் தொடும்போது விங்க்ஸ் முன்னே இருந்தது.

அவ்விரண்டு வாரங்களில் தொடர் முறிந்திருந்தால் எண்ணிக்கை 17 அல்லது 18இல் நின்றிருக்கும். 33 என்னும் எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு பிற்பகல்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

அதன் வேகத்துக்கு உடலமைப்பு சார்ந்த காரணம் ஏதேனும் கண்டறியப்பட்டதா?

அதன் பாய்ச்சல்களை எண்ணிப் பார்த்தவர்கள் கவனித்த ஒரு செய்தி உண்டு. சாதாரணப் பந்தயக் குதிரை ஐந்து நொடிகளில் ஏறத்தாழ 12 பாய்ச்சல்கள் வைக்கும். விங்க்ஸ் ஏறத்தாழ 14 வைத்தது. நிமிடத்துக்குக் கணக்கிட்டால் 140க்கும் 170க்கும் உள்ள வேறுபாடு. பெரும் குதிரைகள் நீண்ட எட்டு (ஒரு பாய்ச்சலில் கடக்கும் தூரம்) வைத்து வெல்வதாகவே நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். விங்க்ஸின் எட்டு அப்படியொன்றும் நீளமானதன்று. மற்ற குதிரைகள் களைத்து எட்டுகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் கடைசிக் கட்டத்தில், இதன் எண்ணிக்கை குறையாமல் இருந்ததுதான் சிறப்பு. குறுகிய எட்டு என்பதால் கூட்டத்துக்குள் கிடைக்கும் சிறு இடைவெளியில் சட்டென்று திரும்பி நுழையவும், நெருக்கமான வளைவுகளில் சமநிலை குலையாமல் ஓடவும் முடிந்தது. மூனி வேலி அதற்குக் கைகொடுத்ததன் காரணம் இதுவே. ஈரத் தடத்திலும் அது தடுமாறாமல் ஓடியதற்கும் இதையே காரணமாகக் கொள்ளலாம்.

பிளாக் கேவியரா, விங்க்ஸா: எது சிறந்தது?

இக்கேள்வி ஆஸ்திரேலியாவில் ஓயாது. ஆஸ்திரேலியப் பெண் குதிரையான பிளாக் கேவியர் 25 பந்தயங்களில் ஓடி 25ஐயும் வென்று, 2013இல் தோல்வியே அறியாமல் ஓய்வு பெற்றது. 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் குயின் எலிசபெத் ஸ்டேக்ஸில் விங்க்ஸ் அந்த எண்ணைச் சமன் செய்து, ஆகஸ்டில் தாண்டியது. தாண்டிய பந்தயமே விங்க்ஸ் ஸ்டேக்ஸ் என்று அதன் பெயரால் மாற்றப்பட்ட பழைய வார்விக் ஸ்டேக்ஸ்தான்.

பிளாக் கேவியர் குறுந்தூர ஓட்டக்காரி; 1,000 முதல் 1,400 மீட்டர்வரை தன் வேகத்தால் எதிரிகளை மூச்சுத் திணறச் செய்து வெல்லும். விங்க்ஸின் தொடர் வெற்றிகளோ 1,300 மீட்டர் தியோ மார்க்ஸ் ஸ்டேக்ஸ் முதல் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட பந்தயங்கள்வரை விரிந்தவை. நடுத்தூரத்தில் இடர்கள் அதிகம்: வேகம் மந்தமாகலாம், வழி அடைபடலாம், ஜாக்கியின் கணிப்பு ஒரு நொடி பிசகலாம். 2016ஆம் ஆண்டு டான்காஸ்டர் மைல் போன்ற ஹேண்டிகேப் பந்தயத்தில் 56.5 கிலோ எடை சுமந்தும் வென்றதை எண்ணினால், என் வாக்கு விங்க்ஸுக்கே. ஒரு முறையேனும் தோற்றிராத குதிரையை அதற்குக் கீழே வைக்க மனம் ஒப்பாதவர்களின் நியாயத்தையும் நான் மதிக்கிறேன்.

வெளிநாட்டில் ஏன் ஓடவில்லை? மெல்போர்ன் கோப்பையில் ஏன் ஓடவில்லை?

மெல்போர்ன் கோப்பையின் தூரம் 3,200 மீட்டர். அது விங்க்ஸின் தூரமன்று. வெளிநாட்டுக் கேள்விதான் கனமானது. 2018இல் இங்கிலாந்தின் ராயல் ஆஸ்காட் பந்தயங்களுக்கு அழைத்துச் செல்வது பற்றி வெளிப்படையாகவே பேசப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. பிளாக் கேவியர் 2012இல் அங்கே சென்று வென்றதால் ஒப்பீடு தவிர்க்க முடியாததாயிற்று.

ஐரோப்பாவில் ஓடாததால் அதன் தரத்தை உறுதிசெய்ய முடியவில்லை என்னும் வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் வெளிநாட்டுக் குதிரைகள் அதைத் தேடி ஆஸ்திரேலியாவுக்கு வந்து தோற்றன என்பதும் உண்மை. உலகத் தரவரிசையில் 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் அதற்கு 132 மதிப்பெண் வழங்கப்பட்டது. 2018இல் ஐரோப்பாவின் கிராக்ஸ்மேனோடு 130 மதிப்பெண்ணில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. நீண்ட விமானப் பயணமும் தனிமைப்படுத்தலும் ஆறு வயதுக் குதிரையின் உடலை என்ன செய்யும் என்பதை அன்றாடம் அதைத் தொட்டுப் பார்த்தவர்களே அறிவர். அவர்கள் போக வேண்டாம் என்றார்கள். அம்முடிவுக்குப் பின் அது மேலும் எட்டுப் பந்தயங்களில் ஓடி எட்டையும் வென்றது.

பயிற்சியாளர் கிரிஸ் வாலரின் பங்கு என்ன?

நியூசிலாந்துக்காரரான வாலர் சிட்னிக்கு வந்து, சிறு தொழுவத்திலிருந்து நாட்டின் முன்னணிப் பயிற்சியாளராக வளர்ந்தவர். விங்க்ஸ் விஷயத்தில் அவர் செய்த பெரும் காரியம், ஆசைப்படாமல் இருந்தது. ஆண்டுக்கு இரண்டு பருவங்கள், பருவத்துக்கு மூன்று முதல் ஐந்து பந்தயங்கள், இடையில் நீண்ட மேய்ச்சல் ஓய்வு என்னும் ஒழுங்கை நான்கு ஆண்டுகளும் அவர் மாற்றவில்லை. ஒவ்வொரு பருவத்தையும் குறுகிய தூரத்தில் தொடங்கி, படிப்படியாக 2,000 மீட்டரை நோக்கி நகர்த்தினார். ஒவ்வொரு முறையும் வெற்றிக்குப் பின் அவர் கண் கலங்கி நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், நாடே எதிர்பார்க்கும் ஒரு குதிரையைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய சுமை என்பதை உணர்ந்திருப்பார்கள்.

எதிரிகள் பலவீனமாக இருந்ததால்தான் வென்றதா?

இல்லை. ஹேப்பி கிளாப்பர் என்னும் குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் எப்சம் ஹேண்டிகேப், 2018இல் டான்காஸ்டர் மைல் என்று சிட்னியின் இரு பெரும் பந்தயங்களை வென்ற உறுதியான குதிரை. ஆனால் விங்க்ஸ் ஓடிய பந்தயங்களில் மீண்டும் மீண்டும் இரண்டாமிடமே கிட்டியது. வேறொரு காலத்தில் பிறந்திருந்தால் அதன் பெயர்தான் பேசப்பட்டிருக்கும்.

கடைசிப் பந்தயம் எப்படி நடந்தது?

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், ராண்ட்விக், குயின் எலிசபெத் ஸ்டேக்ஸ், 2,000 மீட்டர். மைதானத்தில் 43,833 பேர் கூடியிருந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் கடைசியாகத் தோற்ற அதே மைதானத்தில், ஏறத்தாழ அதே நாளில், அது விடைபெற்றது. வழக்கம்போலப் பின்னாலிருந்து வந்து, ஜப்பானிலிருந்து வந்திருந்த க்ளூகரை ஒன்றரை நீளத்தில் வென்றது. மூன்றாவதாக வந்தது ஹார்ட்னெல். எட்டு நீளத்தில் தோற்ற அந்த 2016ஆம் ஆண்டுக்குப் பின்னும் சளைக்காமல் துரத்திக்கொண்டே இருந்த பழைய போட்டியாளன், விடைபெறும் நாளிலும் உடன் ஓடியது பொருத்தமாக இருந்தது. போமன் அதைக் கூட்டத்தின் முன்னே மெதுவாக நடத்தி வந்தபோது, மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வயதைக் கணக்கிடுவதில் ஏன் குழப்பம் வருகிறது?

தென் அரைக்கோளத்தில் எல்லாத் தரோபிரெட் குதிரைகளுக்கும் ஆகஸ்ட் 1ஆம் நாளே பிறந்தநாள். வட அரைக்கோளத்தில் ஜனவரி 1. எனவே செப்டம்பரில் பிறந்த விங்க்ஸ், முதல் காக்ஸ் பிளேட்டின்போது நான்கு வயது, கடைசிப் பந்தயத்தின்போது ஏழு வயது எனப் பதிவாகியிருக்கிறது.

ஓய்வுக்குப் பின் குட்டிகள் ஈன்றதா?

முதலில் ஐ ஆம் இன்வின்சிபிள் என்னும் பொலிகுதிரையோடு இணை சேர்க்கப்பட்டது. 2020இல் அந்தக் குட்டி பிழைக்கவில்லை. அதை விரும்பியவர்களுக்கு அது பெரும் துயரமாக இருந்தது. பிறகு, சிட்னியில் இரண்டு வயதுக் குதிரைகளுக்கான மும்முடியை (மூன்று பெரும் பந்தயங்களை) 2012இல் வென்ற பியரோவோடு இணைந்து, 2022ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு பெண் குட்டியை நலமாக ஈன்றது. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் சிட்னியில் நடந்த இங்லிஸ் ஈஸ்டர் ஏலத்தில் அந்தக் குட்டி 1 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குப் போனது. ஒரு வயதுப் பெண் குட்டிக்கு உலகில் எங்கும் அதுவரை அந்த விலை தரப்பட்டதில்லை. வாங்கியவர் வேறு யாருமல்லர், டெபி கெபிடிஸ்தான். கூட்டு உரிமையாளர்களுள் ஒருவராக ஏற்கெனவே அதில் பங்கு வைத்திருந்தவர், மற்ற பங்குகளையும் விலை கொடுத்து வாங்கிக் குட்டியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். தாயை வாங்கிய விலையைப்போல நாற்பது மடங்குக்கும் மேல் அது.

மூனி வேலித் தடச் சாதனை இன்னும் விங்க்ஸிடம் உள்ளதா?

இல்லை. 2024ஆம் ஆண்டு காக்ஸ் பிளேட்டில் வியா சிஸ்டினா என்னும் பெண் குதிரை 2 நிமிடம் 1.07 நொடியில் ஓடி அதை முறியடித்தது. வென்ற இடைவெளி எட்டு நீளம், 2016இல் விங்க்ஸ் வென்ற அதே அளவு. பயிற்சியாளரும் அதே கிரிஸ் வாலர்தான்.